அழுகை நோட்டு

கரமனை, திருவனந்தபுரம்
2 ஜூலை 2025, புதன் காலை

அன்புள்ள சுப்பு,

பிறந்து ஆறு நாள் ஆன குழந்தை அழும்போது அதற்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். ஆகவே உன்னைக் கேட்கிறேன்.

செய்தியை முதலில் சொல்லியிருக்க வேண்டும். உன் மகள் ஸ்நேகாவுக்குப் போன வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி, ஆண் குழந்தை பிறந்தது. சிசேரியன். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம். தாயும் குழந்தையும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் பிளாட்டுக்கு வந்தார்கள். அவள் கணவன் பிரவின்ராஜுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் வேலை, ஷிப்ட் முறை. அவன் அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். வேறு யாரும் இல்லை. என்னிடம் ஒரு காலி அறை இருந்தது. அவ்வளவுதான்.

நீ என்னோடும் அவளோடும் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பது தெரியும். எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்ததாக யாரும் சொல்லவில்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் உன் வீட்டுக்காரர் நாகேஸ்வரன் கையில் கிடைக்கும் என்பதால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கு அனுப்புகிறேன். வேண்டாமென்றால் கிழித்துப்போடு.

குளிப்பாட்டுவதற்குத் தாசம்மாள் என்று ஒருவர் தினமும் காலையில் வந்து மாலை வரை இருக்கிறார். களியக்காவிளைப் பக்கம். இந்தத் தெருக்களில் முப்பது வருடமாகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவர். அழுகையைக் கேட்டே காரணம் சொல்லிவிடுவாராம். பிரவின்ராஜ் தன் போனில் ஒரு செயலி இறக்கி வைத்திருக்கிறான். குழந்தை அழும்போது அதன் முன்னால் போனைப் பிடித்தால், பசியா, தூக்கமா, வாயுவா என்று சதவீதத்தோடு வருகிறது. நேற்று மாலை நான்கு மணிக்குக் குழந்தை அழுதான்.

"இது காத்து அழுகையாக்கும் டீச்சரே. வயித்துல காத்து கெடக்கு" என்றார் தாசம்மாள்.

"பசி, எழுபத்தெட்டு சதவீதம்" என்று போனைக் காட்டினான் பிரவின்ராஜ்.

"மிச்சம் இருவத்திரண்டு என்னவாம்? அதான் காத்து" என்றார் தாசம்மாள்.

ஸ்நேகா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "எனக்கும் அழணும் போல இருக்கு. அந்தப் போனை இந்தப் பக்கம் காட்டுங்கோ, என்ன சொல்றதுன்னு பார்ப்போம்" என்றாள்.

எனக்கு இருவர் சொல்வதிலும் நம்பிக்கை இல்லை. ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். நான்கு கட்டங்கள்: அழுத நேரம், எவ்வளவு நிமிடம், என்ன செய்தோம், எதனால் நின்றது. நான் கல்லூரியில் இருக்கும்போது ஸ்நேகா எழுதுகிறாள். முதல் நாள் பதினான்கு அழுகை. இரண்டாம் நாள் பதினேழு. இந்த முப்பத்தொன்றில், நின்றதற்குக் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை ஆறு. மற்றவை தாமாக நின்றனவா, நாங்கள் நிறுத்தினோமா என்று தெரியவில்லை.

நீ ஒரு குழந்தையை வளர்த்தவள். உனக்குத் தெரிந்ததை எழுது.

விஜி


திருநெல்வேலி டவுன்
3 ஜூலை

அக்கா,

உன் கடிதம் வந்ததும் தலைமையாசிரியை, "கோர்ட்டு நோட்டீஸா சுப்புலக்ஷ்மி?" என்று கேட்டார். உறைமேல் உன் கையெழுத்து அப்படி இருக்கிறது. பெரியப்பா வழக்குப் போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் ரூமில் பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு நடுவே நின்று படித்தேன்.

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாய். சட்டம் படித்திருக்கலாம் நீ. விளக்கைத் தொட்டு நாங்கள் இரண்டு பேரும்தான் சத்தியம் செய்தோம், அவரும் நானும். அன்று எனக்குக் கோபம் அவள்மேல் பாதி, உன்மேல் முழுசு. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றால் அது வயசு. ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சி என்று கையெழுத்துப் போட்ட நாற்பத்தேழு வயசுக்கு என்ன பெயர்? கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

சரி, அதை விடு. கடிதத்தில் எத்தனை இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தாயா? உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வர ஒரு குழந்தை பிறக்க வேண்டியிருந்தது.

கேட்டதற்குப் பதில். பசி அழுகை விட்டு விட்டு வரும், அழுவதற்கு முன்னால் வாய் தேடும். வயிற்று வலி என்றால் கீச்சென்று ஆரம்பித்துக் காலை மடக்கும். தூக்கத்துக்கு அழுவது மூக்கால் முனகுகிற மாதிரி இருக்கும். ஈரத்துக்கு அழுவது சும்மா ஒரு புகார், மாற்றினால் நின்றுவிடும். மீதி அழுகைக்கு ஒரு காரணமும் கிடையாது, எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உன் நோட்டில் "தோள்" என்று ஒரு கட்டம் இருக்கிறதா?

இன்னொன்று. அழுகையை எண்ணாதே. ஈரத்தை எண்ணு. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான் என்று பார்.

அவளுக்குத் தையல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பூண்டு நிறையப் போட்டுச் சாப்பிடச் சொல். மாடிப்படி ஏற வேண்டாம். அவனுக்குக் காது எப்படி? அவர் வீட்டில் எல்லோருக்கும் காது மடல் கன்னத்தோடு ஒட்டி இருக்கும்.

போட்டோ அனுப்பாதே. அவர் பார்த்துவிடுவார் என்று இல்லை. நான் பார்ப்பேன். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுப்பு


கரமனை
5 ஜூலை, சனி மதியம்

அன்புள்ள சுப்பு,

காது மடல் ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்நேகாவுக்குத் தையல் ஆறி வருகிறது. பூண்டு சாப்பிடுகிறாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. லிப்ட் இருப்பதால் படி ஏறவில்லை.

சாட்சிக் கையெழுத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு பகுதி சரி. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ மாட்டேன் என்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அது தைரியம் இல்லை.

நீ எழுதிய ஐந்து வகை அழுகையையும் காகிதத்தில் எழுதித் தொட்டிலுக்கு மேலே ஒட்டினேன். தாசம்மாள் ஸ்நேகாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எழுதினவருக்குப் பிள்ளை வளத்த கை உண்டு" என்றார். பிறகு, "ஆனா காத்து அழுகையைக் கொறச்சு எழுதியிருக்கு" என்று திருத்தமும் சொன்னார்.

செயலியைச் சோதித்தேன். இருபது அழுகைகளுக்கு அது சொன்னதைக் குறித்துக்கொண்டு, பிறகு உண்மையில் எதனால் நின்றது என்பதோடு ஒப்பிட்டேன். இருபதில் ஏழு பொருந்தியது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு "பசி" என்று சொல்லியிருந்தாலே ஒன்பது பொருந்தியிருக்கும். நேற்று அதைக் குக்கர் விசிலுக்கு முன்னால் பிடித்தேன். "சோர்வு, அறுபத்தாறு சதவீதம்" என்றது. பிரவின்ராஜ், "குக்கருக்கும் வயசாயிட்டுல்லா பெரியம்மா" என்றான். அவன் சிரிக்க வைக்கிற பையன். இதை நீ தெரிந்துகொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. அழுகை குறைந்துகொண்டு வருகிறது. நாளுக்கு நாள் எண்ணிக்கை: 14, 17, 12, 8, 5. அழும் நேரமும் குறைந்திருக்கிறது. முதலில் சராசரி பதினொரு நிமிடம், இப்போது நான்கு. சத்தம்கூட அடங்கிவிட்டது. வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன், கோடு அழகாக இறங்குகிறது. தன் எண்ணெய்க் குளியல்தான் காரணம் என்கிறார் தாசம்மாள். பிரவின்ராஜ் செயலிக்குப் பெருமை சேர்க்கிறான். நான் மூன்று மணிக்கு ஒருமுறை என்று பால் நேரத்தை ஒழுங்குபடுத்தியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நிரூபிக்க முடியாது. நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறான். பால் நேரத்துக்கு நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு நிமிடம் குடித்ததும் மறுபடி தூக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒரு சமர்த்துக் குழந்தையைக் கண்டதில்லை என்கிறார்கள்.

துணியை எண்ணச் சொன்னாய். நாங்கள் டயப்பர் கட்டுகிறோம். எண்ணுவதற்குத் துணி இல்லை.

இன்று ஒரு வாரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். காலையிலிருந்து நல்ல மழை. வெளி நோயாளிகள் கூட்டத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். குழந்தை இவ்வளவு நன்றாக இருக்கும்போது அவனை அங்கே கொண்டுபோக அவசியம் இல்லை என்று நான்தான் முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை போகிறோம்.

விஜி


திருவனந்தபுரம், ஆஸ்பத்திரி, நான்காம் மாடி
8 ஜூலை, செவ்வாய்

அன்புள்ள சுப்பு,

நேற்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நடத்தியவள் நீ. மீதிப் பாதியை எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். போன் பைக்குள் அதிர்ந்தது. திருநெல்வேலி எண். உங்கள் பள்ளி எண் என்று எனக்குத் தெரியாது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை நீ ஸ்நேகாவைக் கூப்பிட்டாய்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் "ஹலோ" என்றதும் நீ பேரைச் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "இன்னிக்கு எத்தனை தடவை நனைச்சான்?" என்றாயாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் குரலில் அவள் கேட்ட முதல் வாக்கியம் அது. அவள் யோசித்துவிட்டு, "காலையிலேருந்து ஒண்ணும்மா. அதுவும் கனமா இல்லை" என்றிருக்கிறாள்.

"எழுப்பு அவனை."

"தூங்கறான்."

"தூங்கட்டும்னா நான் போன் பண்ணினேன்? எழுப்பு. உள்ளங்காலைச் சுண்டு."

சுண்டினாளாம். முகம் கோணியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"அழறானா?"

"இல்லைம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போ. துணி மாத்திண்டு நிக்காதே. இப்பவே போ" என்று வைத்துவிட்டாயாம்.

அவளும் தாசம்மாளும் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். பிரவின்ராஜ் கிரேனிலிருந்து இறங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. நான் வந்தபோது எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிலோ ஐந்நூற்று இருபது. பிறந்த எடையில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சிசேரியனுக்குப் பிறகு பால் ஊறத் தாமதமாகியிருக்கிறது. முதல் நாட்களில் பசித்து அழுதவன், பிறகு அழுவதற்குத் தெம்பு இல்லாமல் தூங்க ஆரம்பித்திருக்கிறான். மஞ்சள் காமாலையும் இருக்கிறது. தாசம்மாள் கடலைமாவில் மஞ்சள் சேர்த்துக் குளிப்பாட்டியதால் அது குளியல் மஞ்சள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது. அதை மெதுவாகத்தான் இறக்க வேண்டுமாம். வேகமாக இறக்கினால் மூளைக்கு ஆபத்து.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு திவசம் எத்ர டயப்பர் நனயும்?" நீ கேட்ட அதே கேள்வி. நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். இத்தனை கவனமாக எழுதியிருக்கிறீர்களே என்று மலையாளத்தில் பாராட்டினார். பாராட்டாகத்தான் சொன்னார். டயப்பர் எண்ணிக்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிறகு கேட்டார்.

அந்தக் கட்டம் என் நோட்டில் இல்லை. நீ போடச் சொன்னாய், நான் போடவில்லை. இறங்குகிற கோடு நல்ல செய்தி என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மாணவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பரிசோதனையைத் தள்ளிப் போட்டதும் நான்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பிரவின்ராஜ், "நானும் அழாம இருந்தா நல்லதுன்னுதான் நெனச்சேன் பெரியம்மா" என்றான். தாசம்மாள் நேற்றிலிருந்து வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறார், போகச் சொன்னால் போகவில்லை. "சத்தம் கொறஞ்சப்போ என் கையிட கொணம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு நடந்தேனே டீச்சரே" என்று ஒருமுறை சொன்னார்.

இப்போது டிரிப் ஏறுகிறது, நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள். ஸ்நேகா பாலை எடுத்துக் கொடுக்கிறாள், நர்ஸ் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். போதாததற்குப் பால் பவுடர் கரைத்தும் கொடுக்கிறார்கள். விழுங்குகிறான். அழவில்லை. எப்போது பயம் தெளியும் என்று கேட்டேன். நாளைய ரத்தப் பரிசோதனை வந்த பிறகு சொல்கிறேன் என்றார் டாக்டர்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் கடிதத்தில் எந்த வரியைப் படித்துவிட்டு நீ போனை எடுத்தாய்?

விஜி


திருநெல்வேலி டவுன்
9 ஜூலை

அக்கா,

எந்த வரி என்று கேட்டாய். "சமர்த்துக் குழந்தை" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, ஸ்நேகாவுக்கு இரண்டு வருடம் முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். 1999. நீ அப்போது சென்னையில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தாய். ஜுரத்தில் போய்விட்டான் என்று அம்மா உனக்கு எழுதினாள். ஜுரம் எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் வீறிட்டு அழுதான், வந்தவர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். நான்காம் நாளிலிருந்து அடங்கிவிட்டான். சமர்த்து, சமர்த்து என்று தெருவே சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு இருபத்தோரு வயது. குழந்தை தூங்குகிறான் என்று நானும் தூங்கினேன். ஒன்பதாம் நாள் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

நம் வீட்டில் பதினோராம் நாள்தானே பேர் வைப்பார்கள். அதனால் அவனுக்குப் பேர் இல்லை. எனக்குள்ளே கூப்பிடுவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

நீ அப்போது ஒரு கார்டு எழுதினாய். நான்கு வரி. மூன்றாவது வரி உன் பரீட்சைத் தேதி. நான் அதைக் கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

நீ சனிக்கிழமை எழுதிய கடிதம் இந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் எழுதியது. எனக்கு வந்து சேர்ந்தது பதினோராம் நாள். தலைமையாசிரியையிடம் கேட்காமல் அவர் மேஜைப் போனை எடுத்தேன். நீ எடுக்கவில்லை. அப்புறம் அவள் எண்ணை அடித்தேன். அது எனக்கு மனப்பாடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகை அழுகை என்று எழுதினேனே, அதில் பாதி என் மாமியார் சொன்னது, மீதி அங்கே இங்கே கேட்டது. ஸ்நேகா அழும்போது எனக்கு ஒரு வகையும் தெரிந்தது இல்லை. அவள் அழுதால் எனக்கு நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூன்று வயது வரைக்கும் பார்த்தேன். தொட்டிலுக்கு மேலே ஒட்டியதைக் கிழித்துப்போடு.

அவரிடம் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டேன். விளக்கைத் தொட்டுச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன், குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றேன். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எத்தனாம் நாள்?" என்றார். பதினொண்ணு என்றேன். கை அலம்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடும் பேசவில்லை, வேறு யாரோடும் பேசவில்லை. ஆபீஸ் போகிறார், வருகிறார்.

என்னை வரச் சொல்லாதே. அவரை இப்படி விட்டுவிட்டு என்னால் வர முடியாது. ரத்தப் பரிசோதனை என்ன ஆச்சு என்று எழுது. நல்லதாக இருந்தாலும் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. எதையும் நன்றாக ஆக்கி எழுதாதே.

சுப்பு


ஆஸ்பத்திரி
10 ஜூலை, வியாழன் மாலை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதத்தைப் பிரவின்ராஜ் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தான்.

முதலில் குழந்தை. நேற்றைய பரிசோதனையில் உப்பு குறைந்திருக்கிறது, எதிர்பார்த்த வேகத்தில். சிறுநீரகம் வேலை செய்கிறது. இன்று டிரிப்பைக் கழற்றிவிட்டார்கள். மஞ்சள் இறங்குகிறது. எடை இரண்டு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு. இதில் நான் எதையும் நன்றாக ஆக்கி எழுதவில்லை. பின்னால் ஏதாவது பாதிப்புத் தெரியுமா என்று கேட்டேன். வாய்ப்புக் குறைவு, ஆனால் காது கேட்பதையும் வளர்ச்சியையும் ஒரு வருடம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்று மதியம் ஊசி போடும்போது முனகினான். சத்தம் என்று சொல்ல முடியாது. ஸ்நேகாவுக்குப் பால் ஊறத் தொடங்கிவிட்டது.

அந்தக் கார்டை நான் மறக்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். மறந்துவிட்டேன். நீ எழுதிய பிறகு ஞாபகம் வந்தது. அம்மா "நீ வர வேண்டாம், பரீட்சையைப் பார்" என்று எழுதியிருந்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது. எதனால் ஆச்சு என்று இருபத்தாறு வருடமாக உன்னை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். தெரிந்திருந்தால் போன சனிக்கிழமை மழையில் குழந்தையை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஸ்நேகாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது. தனக்கு முன்னால் ஒருவன் இருந்தது அவளுக்குத் தெரியாதாம். இரண்டு முறை படித்தாள். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

உன்னை வரச் சொல்லவில்லை.

விஜி

11 ஜூலை, வெள்ளி. நேற்று இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலை பத்து நாற்பதுக்குக் குழந்தை அழுதான். முனகல் இல்லை, அழுகை. பால் குடித்து அரை மணி ஆகியிருந்தது. டயப்பர் மாற்றியாகிவிட்டது. ஜுரம் இல்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டார். தாசம்மாள் வெளியே இருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். பிரவின்ராஜ் அவரிடம், "என்ன அழுகை இது?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாது பிள்ளே" என்றார். முப்பது வருடத்தில் முதல் முறையாக இருக்கலாம்.

அப்போது ஸ்நேகாவின் போன் அடித்தது. திரையில் "அப்பா" என்று வந்தது. அந்தப் பெயரை அவள் அழிக்காமல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் போனை என்னிடம் நீட்டினாள், நான் வாங்கிப் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தேன். அந்தப் பக்கத்தில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. ஆபீசிலிருந்து பேசினார் என்று நினைக்கிறேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தான். ஒன்றரை நிமிடம் இப்படிப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு நாகேஸ்வரன், "என்னத்துக்கு இப்படி அழறான்?" என்றார்.

"தெரியலைப்பா" என்றாள் ஸ்நேகா.

"பசியா?"

"இல்லைப்பா. இப்பதான் குடிச்சான்."

"அப்போ எடுத்துக்கோயேன். கட்டில்ல போட்டுண்டு என்ன பார்த்துண்டிருக்கே? எடுத்துத் தோள்ல போட்டுக்கோ."

எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. இன்னும் பலமாக அழுதான். நாகேஸ்வரன் போனை வைக்கவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை நின்ற பிறகு, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது, இணைப்பு அறுந்தது. நீ இதைப் படிக்கும்போது அவர் உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

நோட்டில் நான் எழுதியது இது: நேரம் 10.40. ஏழு நிமிடம். செய்தது, தோள். எதனால் நின்றது, தெரியவில்லை. ஐந்தாவதாக டயப்பருக்கு ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். அதில்: கனமாக நனைந்திருந்தது.